திருகோணமலை வீட்டுக்கு நல்ல சப்வூஃபர்: அளந்து, ஒப்பிட்டு வாங்கும் முறை

சில இலட்சம் ரூபாய் கொடுத்து, தாழ்சுரத்தை மட்டும் தரும் ஒலிபெருக்கிப் பெட்டியான சப்வூஃபரை வாங்கப் போகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. கொழும்புக் கடையில் நெஞ்சுக்குள் இறங்கிய சத்தம் உவர்மலையிலுள்ள உங்கள் ஹோலுக்கு வந்ததும் 'பும் பும்' என்று ஒரே சுரத்தில் அடிக்கலாம், அல்லது காணாமலே போகலாம். இப்படி நடந்தால் குறை பெரும்பாலும் பெட்டியில் இராது, தெரிவு செய்த முறையில்தான் இருக்கும். 80 ஹேர்ட்ஸுக்குக் (செக்கனுக்கு 80 அதிர்வுகளுக்குக்) கீழே என்ன கேட்கும் என்பதைப் பெட்டி தீர்மானிக்கும் அளவுக்கு அறையும் கதிரை இருக்கும் இடமும் தீர்மானிக்கின்றன. ஆகவே வோட்ஸையும் அங்குலத்தையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் அறையில், உங்கள் கதிரையில், ஒரே சத்த அளவில் வைத்து ஒப்பிடுங்கள். அதற்கான வேலைகள் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே கீழே உள்ளன.

1. கடைக்குப் போக முன்னர் அறையை அளவுங்கள்

அளவு நாடாவும் ஒரு தாளும் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீற்றரில் எழுதுங்கள். சாப்பாட்டு அறையோ குசினியோ கதவில்லாமல் ஹோலோடு சேர்ந்திருந்தால் அந்த இடத்தையும் கூட்ட வேண்டும். தாழ்சுரத்துக்கு அது எல்லாம் ஒரே அறைதான்.

நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். 349ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்துக்குரிய முதலாவது நின்ற அலையின், அதாவது எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி இடத்தில் நிலைத்து நிற்கும் ஒலியின், மீடிறன் கிடைக்கும். 5.5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமுள்ள ஹோலில் அவை முறையே 32, 44, 58 ஹேர்ட்ஸ். இந்த மூன்று எண்களையும் தாளின் மேலே பெரிதாக எழுதிவையுங்கள். இந்த மீடிறன்களில் சுவரோரத்தில் சத்தம் வீங்கும், நீளத்தின் சரி நடுவில் 32 ஹேர்ட்ஸ் ஏறத்தாழ அழிந்துவிடும். சோபா அறையின் நடுவில் இருந்தால் எத்தனை இலட்சம் பெறுமதியான பெட்டியானாலும் அந்த இடத்தில் 32 ஹேர்ட்ஸ் கேட்காது. சோபாவை முதலில் நகர்த்துங்கள். அதற்குச் செலவே இல்லை.

அடுத்ததாகக் கூரையைப் பாருங்கள். கொங்கிரீட் சிலாப்பும் பூசிய கல் சுவரும் உள்ள வீடு தாழ்சுரத்தை வெளியே விடாது. ஆழமான பகுதி இலவசமாகக் கூடிக் கிடைக்கும், ஆனால் மேலே சொன்ன வீக்கங்களும் பள்ளங்களும் கடுமையாக இருக்கும். சீற் கூரையோ ஓட்டுக் கூரையோ உள்ள, காற்றுக்காக ஜன்னலெல்லாம் திறந்திருக்கும் வீட்டில் தாழ்சுரம் வெளியே போய்விடும். அங்கே வீக்கம் குறைவு, ஆனால் அதே அமுக்கத்தைத் தரப் பெரிய பெட்டி வேண்டும். இணையத்தில் வரும் மேல்நாட்டு மதிப்புரைகள் மரச்சட்டமும் மெல்லிய பலகைச் சுவரும் உள்ள வீடுகளில் கேட்டு எழுதப்பட்டவையாக இருக்கலாம். அவர்களுடைய அனுபவம் இங்கே அப்படியே பொருந்தாது.

2. எவ்வளவு ஆழம் தேவை என்று முடிவு செய்யுங்கள்

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹேர்ட்ஸ், பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹேர்ட்ஸ். பாட்டு மட்டும் கேட்பவருக்கு 30 ஹேர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கும் பெட்டி போதும். வெடியும் இடியும் உள்ள படங்களுக்கு 20 ஹேர்ட்ஸ் வரை வேண்டும்.

இந்த 10 ஹேர்ட்ஸ் வித்தியாசத்துக்குத்தான் விலை ஏறுகிறது. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி மீடிறனில், தரப் பெட்டியின் கூம்பு (முன்னும் பின்னும் அசைந்து ஒலி தரும் பகுதி) நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 40 ஹேர்ட்ஸில் நன்றாகச் சத்தம் போடும் பெட்டி 20இல் திணறுவது இதனால்தான். காதும் இங்கே மந்தமானது. 20 ஹேர்ட்ஸில் சத்தம் கேட்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 78 டெசிபல் தேவை. ஆழமாகக் கேட்க ஆசை, ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது, சத்தம் கூட்டவே முடியாது என்றால் 20 ஹேர்ட்ஸுக்கான பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

3. விபரத்தாளில் பார்க்க வேண்டியவை

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வோட்ஸ் எண்ணுக்குக் குறைந்த மதிப்பே கொடுங்கள். 'உச்ச' வலு என்றால் அதைப் புறக்கணித்துத் தொடர் வலுவை மட்டும் எடுங்கள். வலு இரு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். 500 வோட்ஸ் பெட்டிக்கும் 1000 வோட்ஸ் பெட்டிக்கும் இடையில் வலுவால் வரக்கூடிய வித்தியாசம் அவ்வளவே.

'18 ஹேர்ட்ஸ் வரை' என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் விஷயமில்லை. எத்தனை டெசிபல் இறக்கத்தோடு 18 என்று கேளுங்கள். கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்று குறித்திருந்தால் ஒப்பிடலாம். 10 டெசிபல் இறங்கிய இடத்தைக் குறிப்பிட்டுப் பெருமைப்படும் தாள்களும் உண்டு. அத்தோடு, அது எவ்வளவு சத்தத்தில் அளந்த எண் என்பதும் வேண்டும். சிறிய பெட்டிகள் மெல்லிய சத்தத்தில் 20 ஹேர்ட்ஸைத் தொடும், சத்தம் கூட்டினால் உள்ளேயுள்ள பாதுகாப்புச் சுற்று அந்த ஆழத்தை வெட்டிவிடும். கே.ஈ.எஃப். நிறுவனத்தின் கே.சி. 62 இரண்டு 6.5 அங்குலக் கூம்புகளை எதிரெதிராக வைத்து, தலா 500 வோட்ஸ் கொடுத்து, மிகச் சிறிய பெட்டியிலிருந்து வியக்கத்தக்க ஆழத்தை எடுக்கிறது. சிறிய அறைக்கு அது அருமையான வேலைப்பாடு. ஆனால் 66 கன மீற்றர் ஹோலில் படச் சத்தத்துக்கு 15 அங்குலக் கூம்பு தள்ளும் காற்றை அதனால் தள்ள முடியாது. பௌதிகம் அதற்கு இடம் தராது.

நம்பி ஒப்பிடக்கூடிய எண் சி.டி.ஏ. 2010 அளவீடு, அமெரிக்க நுகர்வோர் தொழில்நுட்பச் சங்கம் வகுத்த சோதனை முறை. 20, 25, 31.5, 40, 50, 63 ஹேர்ட்ஸ் ஒவ்வொன்றிலும் திரிபு (பதிவில் இல்லாத கலப்புச் சத்தம்) ஓர் எல்லையைத் தாண்டாமல் பெட்டி தரக்கூடிய உச்சச் சத்தத்தைத் திறந்த வெளியில் அளக்கிறார்கள். இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. சிலர் 1 மீற்றரில் உச்ச அளவாக எழுதுவார்கள், சிலர் 2 மீற்றரில் சராசரி வர்க்கமூல (ஆர்.எம்.எஸ்.) அளவாக எழுதுவார்கள். ஒரே பெட்டிக்கு இவ்விரண்டுக்கும் இடையில் 9 டெசிபல் வித்தியாசம் வரும்: தூரத்தால் 6, உச்சத்தால் 3. ஒரு பெட்டி 1 மீற்றர் உச்ச அளவில் 118, மற்றது 2 மீற்றர் அளவில் 114 என்று கண்டு முதலாவதை வாங்கினால், உண்மையில் இளைத்த பெட்டியை வாங்கியிருப்பீர்கள். 1 மீற்றர் உச்ச அளவிலிருந்து 9ஐக் கழித்த பிறகே பக்கத்தில் வையுங்கள். கழித்த பிறகும் 1 அல்லது 2 டெசிபல் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், அளந்தவர் மாறினாலே அவ்வளவு மாறும். 25 ஹேர்ட்ஸில் 6 டெசிபல் வித்தியாசம் என்றால் அது பெரிய விஷயம். அதே பெட்டியில் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்ததற்குச் சமம்.

மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா என்பது அடுத்த கேள்வி. மூடியது தன் எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபல் என மெதுவாக இறங்கும். சிலாப் போட்ட சிறிய அறை தரும் கூடுதல் அமுக்கம் அந்த இறக்கத்தில் ஒரு பகுதியை நிரப்பிவிடும். துளை வைத்தது துளையின் சுருதி மீடிறன் வரை கூடுதல் சத்தம் தரும், அதற்குக் கீழே 24 டெசிபல் வேகத்தில் விழும். பெரிய, திறந்த, சீற் கூரை ஹோலுக்குத் துளை வைத்தது. அடைந்த 30, 40 கன மீற்றர் அறைக்கு மூடியது. 'மூடியதுதான் பாட்டுக்கு' என்று கடையில் சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம். நன்றாக வடிவமைத்து 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே சுருதி சேர்த்த துளைப் பெட்டி பாட்டிலும் இறுக்கமாகவே கேட்கும். தொளதொள என்று கேட்பதற்குப் பெரும்பாலும் அறையின் நின்ற அலையே காரணம்.

4. ஒரு பெரியதா, இரண்டு சிறியவையா

இதைப் பணம் ஒதுக்க முன்னரே முடிவு செய்யுங்கள். ஹார்மன் நிறுவனத்தில் டொட் வெல்ரி செய்த ஆய்வுகள், செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப்வூஃபர் வைத்தால் கதிரைக்குக் கதிரை மாறும் வித்தியாசம் நன்றாகக் குறைவதைக் காட்டின. குடும்பமாக நான்கைந்து பேர் இருந்து படம் பார்க்கும் ஹோலுக்கு, 16 அங்குலத்தில் ஒன்றை விட 12 அங்குலத்தில் ஒரே மாதிரி இரண்டு நல்லது என்பதே என் திடமான கருத்து. ஒரே கதிரையில் தனியே இருந்து கேட்பவருக்கு ஒன்று போதும். வெவ்வேறு மாதிரிகளைக் கலக்க வேண்டாம், அவற்றின் அவத்தை (அலைகள் ஏறி இறங்கும் நேரம்) ஒத்துப்போகச் செய்வது கடினம்.

5. மின்சாரம்: பணம் கொடுக்க முன்னர் பின் தட்டைப் பாருங்கள்

நம் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 120 வோல்ற் பெட்டி விலை மலிவாகக் கிடைக்கலாம். அதை நேரே செருகினால் உள்ளேயுள்ள அம்ப் (ஒலியை வலுவாக்கும் மின்சுற்று) அந்த நிமிடமே போய்விடும், உத்தரவாதமும் பேசாது. இறக்கு மாற்றி வைக்கலாம் என்பார்கள். ஆயிரம் வோட்ஸுக்கு மேல் இழுக்கும் பெட்டிக்கு ஏற்ற மாற்றி பாரமானது, சூடாகும், இரையும். 230 வோல்ற் மாதிரியையே கேளுங்கள். பின் தட்டின் படத்தை அனுப்பச் சொல்லி, வோல்ற் வரியையும் தொடர் இலக்கத்தையும் வாசித்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். பழைய வீடுகளில் 15 அம்பியர் உருண்டைப் பின் பொயின்றும் புதியவற்றில் 13 அம்பியர் சதுரப் பின் பொயின்றும் இருக்கும். தளர்ந்த மாற்றிப் பிளக்கில் கொழுவாமல், ஒழுங்கான பொயின்ற் ஒன்றை அடிப்பியுங்கள்.

6. செலவுக் கணக்கும் ஆவணங்களும்

கொழும்பில் அதிகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவதா, வெளிநாட்டிலிருந்து இறக்குவதா என்று தீர்மானிக்க, முழுச் செலவையும் ஒரே தாளில் எழுத வேண்டும். இறக்குவதென்றால் பொருளின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகையின் மேல்தான் சுங்கம் கணக்கிடும். 1000 டொலர் பெட்டி, 250 கூலி, 15 காப்புறுதி என்றால் 1265 டொலரிலிருந்து கணக்கு தொடங்கும். ஒலிபெருக்கிகளுக்குரிய சுங்கத் தலைப்பு 8518. ஒரு கூம்புள்ள பெட்டி 8518.21இலும் ஒன்றுக்கு மேல் உள்ளது 8518.22இலும் வரும். அன்றைய தீர்வை வீதத்தை இந்த இலக்கத்தைச் சொல்லிச் சுங்க முகவரிடம் எழுத்தில் கேளுங்கள், வீதங்கள் மாறுகின்றன. தீர்வைகளும் சேர்ந்த பிறகு அதன் மேல் பெறுமதி சேர் வரி வரும். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். இதன் மேல் முகவர் கூலி, களஞ்சியக் கட்டணம், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் லொறிக் கூலி. பெட்டிகள் 25 கிலோவிலிருந்து 80 கிலோ வரை இருக்கும். அஞ்சல் பொதி போல நினைக்க வேண்டாம்.

வைத்திருக்க வேண்டிய தாள்கள்: விற்பனையாளரின் விலைப்பட்டியல், பணம் அனுப்பிய வங்கிச் சான்று, கப்பல் அல்லது விமானப் பொதிச் சீட்டு, காப்புறுதித் தாள், தேசிய அடையாள அட்டைப் பிரதி, வரி செலுத்துவோர் அடையாள இலக்கம். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சுங்கம் சந்தை விலையைப் பார்த்தே மதிப்பிடும், பொருள் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் களஞ்சியக் கட்டணம் ஏறும், வழியில் உடைந்தால் குறைந்த பெறுமதிக்கே காப்புறுதி கிடைக்கும். ப்ளூடூத் செயலியால் இயக்கும் மாதிரி என்றால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவையா என்பதைப் பொருள் புறப்பட முன்னரே முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு வந்த பிறகு கேட்டால் நாட்கள் வீணாகும்.

கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டில் மாதிரியின் முழுப் பெயர், தொடர் இலக்கம், உத்தரவாத காலம் மூன்றும் இருக்க வேண்டும். கூம்புக்கும் அம்புக்கும் வெவ்வேறு காலம் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் பழுதாவது பெரும்பாலும் அம்ப்தான், அதன் மாற்றுத் தட்டு இலங்கையில் கிடைக்குமா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் தராத கடையைத் தவிர்க்கலாம். சில நிறுவனங்கள் தம் நாட்டில் தரும் 45 நாள் வீட்டுச் சோதனைக் காலம் இங்கே தானாக வராது. ஏழு நாளாவது வீட்டில் வைத்துப் பார்த்துத் திருப்பித் தர அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தராவிட்டால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

7. கடையில் கேட்கும்போது

கடை உங்களுக்கு இரண்டு விஷயத்தையே சொல்லும்: பெட்டி திணறும்போது என்ன சத்தம் போடுகிறது, துளையில் காற்று இரைகிறதா. உங்கள் வீட்டில் எப்படிக் கேட்கும் என்பதைச் சொல்லாது. ஆகவே ஒரு பென் டிரைவில் 20, 25, 30, 40, 50 ஹேர்ட்ஸ் தனிச் சுர ஒலிகளையும், நன்றாகத் தெரிந்த மூன்று பதிவுகளையும் கொண்டுபோங்கள். 25 ஹேர்ட்ஸை மெதுவாகக் கூட்டும்போது சத்தம் ஆழமாகவே இருக்க வேண்டும். 'பர்ர்' என்று மேல்சுரம் எழுந்தால் அது திரிபு. துளையருகே கையை வைத்தால் காற்று வரும், அது குறையல்ல. கதிரையிலிருந்தே 'புஸ்' என்று கேட்டால் குறை.

தவில் பதிவு ஒன்று எடுத்துப்போவது நல்லது. கோயில் திருவிழாவில் நேரில் கேட்டுப் பழகிய காது எங்களுக்கு இருக்கிறது. ஆனால் அது ஆழத்தைச் சோதிக்காது. சப்வூஃபரும் ஸ்பீக்கரும் ஒன்றாகச் சேர்கின்றனவா என்பதையே காட்டும். தொப்பியின் அடியும் வலந்தலையின் அடியும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவது போல இருக்க வேண்டும். தொப்பி தனியே மூலையிலிருந்து பிந்தி வந்தால் இணைப்பு சரியில்லை.

விற்பனையாளர் ஒரு பெட்டியை மற்றதை விடச் சத்தமாகப் போடுவதைக் கவனியுங்கள். தாழ்சுரத்தில் 2 டெசிபல் கூடினாலே காது அதை 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும்.

8. வீட்டில் இடம் தேடுதல்

அரை நாள் ஒதுக்குங்கள். சப்வூஃபரை நீங்கள் இருக்கும் கதிரையின் இடத்தில் வையுங்கள். கதிரையின் மேல் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டொன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சப்வூஃபர் வைக்கக்கூடிய இடங்களில் குனிந்து காதைத் தாழ வைத்துக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே பருமனில் கேட்கும் இடத்தில் பெட்டியை வைக்கலாம். மூலையில் சத்தம் மிகக் கூடும், அதோடு எல்லா நின்ற அலையும் எழும். அதிகச் சத்தமான இடத்தை அல்ல, ஒப்புரவான இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

டைல் தரையில் கூரான இரும்புக் கால் வேண்டாம், ரப்பர் கால் போடுங்கள்.

9. மைக் வைத்து அளவுதல்

நூறு டொலர் அளவில் விற்கும் அளவு மைக் ஒன்று, இலட்சக் கணக்கான பிழையைத் தடுக்கும். மினி டி.எஸ்.பி. நிறுவனத்தின் யூமிக் 1 பரவலாகப் பயன்படுவது. ஒவ்வொரு மைக்குக்கும் அதன் தொடர் இலக்கத்துக்குரிய திருத்தக் கோப்பு உண்டு, அதை இறக்கி ஏற்ற வேண்டும். ரூம் ஈ.கியூ. விஸார்ட் மென்பொருள் இலவசம். கைபேசிச் செயலிகளை 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே நம்ப வேண்டாம்.

மைக்கைத் தாங்கி ஒன்றில், காது உயரத்தில், தலை இருக்கும் இடத்தில் வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் காற்று மைக்கில் பட்டால் 20, 30 ஹேர்ட்ஸில் பொய்யான சத்தம் பதிவாகும். திறந்த ஜன்னலால் வரும் கடற்காற்றும் அப்படித்தான். ஆனால் நீங்கள் எப்போதும் ஜன்னல் திறந்தே கேட்பவரென்றால் திறந்தும் ஒரு முறை அளவுங்கள், ஒவ்வொரு மீடிறனிலும் சத்தம் எவ்வளவு என்று திரையில் காட்டும் கோடு மாறுவதைக் காண்பீர்கள். மென்பொருளின் சோதனைச் சுரத்தை 15 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை ஓட்டுங்கள். ஒரு கதிரையில் மட்டும் நிற்காமல் மூன்று இடத்தில் எடுத்துச் சராசரியையும் பாருங்கள்.

கோட்டில் தெரியும் மேடுகளைச் சமன் செய்யும் கருவியால் குறைக்கலாம். பள்ளங்களை உயர்த்த முயல வேண்டாம். 6 டெசிபல் உயர்த்த நான்கு மடங்கு வலு வேண்டும், நின்ற அலையின் கணுவில் எவ்வளவு ஊற்றினாலும் அது நிரம்பாது. அம்ப்தான் சூடாகும். பள்ளத்துக்கு மருந்து பெட்டியையோ கதிரையையோ நகர்த்துவதுதான்.

ரிசீவரில் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் அனுப்பும் கருவியில்) ஸ்பீக்கர்களை 'சிறியது' என்று குறித்து, பிரிப்பு மீடிறனை, அதாவது எதற்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதை, 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபரின் பின்னாலுள்ள, மேல் மீடிறன்களை வெட்டும் வடி குமிழை உச்சத்துக்குத் திருப்பி விடுங்கள். இரண்டு வடியும் வேலை செய்தால் 60 முதல் 80 வரை ஓட்டை விழும். தானாக அளந்த ரிசீவர் சப்வூஃபரின் தூரத்தை நாடா அளவை விடக் கூட்டிக் காட்டினால் அதைத் திருத்தாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் சுற்றுகள் ஏற்படுத்தும் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது, ஒரு மில்லிசெக்கன் என்பது ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். சப்வூஃபருக்கு ரிசீவர் குறித்த சத்த அளவு கழித்தல் 12இல் முட்டி நின்றால் மட்டும், பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க விடுங்கள்.

அவத்தையைச் சரிபார்க்க எளிய வழி: சப்வூஃபரையும் ஸ்பீக்கர்களையும் சேர்த்து ஓட்டி, துருவத்தை வேண்டுமென்றே தலைகீழாக்குங்கள். 80 ஹேர்ட்ஸில் ஆழமான பள்ளம் விழும் வரை தூர எண்ணை மாற்றுங்கள். பிறகு துருவத்தைப் பழையபடி திருப்பினால் அந்த இடத்தில் இரண்டும் நன்றாகக் கூடும்.

10. இரண்டு பெட்டிகளை ஒப்பிடுதல்

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பது நேர்மையான ஒப்பீடு அல்ல. ஓரடி இடம் மாறினாலே கோடு மாறும். ஒரே இடத்தில் நாடா ஒட்டி, ஒன்றை எடுத்து மற்றதை வையுங்கள். ஓட்டாத பெட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். துளைப் பெட்டி சும்மா இருந்தாலும் தன் சுருதியில் பரிவதிர்ந்து முடிவைக் கலக்கும். தூக்க முடியாவிட்டால் துளைக்குள் துவாய் ஒன்றைச் சுருட்டி அடையுங்கள்.

மென்பொருளிலுள்ள சப்வூஃபர் அளவுக்கான 30 முதல் 80 ஹேர்ட்ஸ் இரைச்சலைப் போட்டு, கதிரையில் இரண்டும் அரை டெசிபலுக்குள் ஒத்து வரும்படி சரிசெய்யுங்கள். இதைத் தவறவிட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண்.

பிறகு திறனை அளவுங்கள். 85 டெசிபலில் ஒரு ஓட்டம், அடுத்தது 90, அடுத்தது 95 என்று 5 ஆகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் கோடு முழுவதும் சரியாக 5 ஏற வேண்டும். 20 முதல் 30 ஹேர்ட்ஸில் 5க்குப் பதிலாக 2 அல்லது 3 தான் ஏறுகிறது என்றால் அதுதான் அந்தப் பெட்டியின் எல்லை. அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். ஓட்டங்களுக்கிடையில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். நம் வெக்கையில் சுருளும் அம்பும் விரைவில் சூடேறும். திரிபுக் கோட்டையும் அப்போதே சேமியுங்கள். 20 ஹேர்ட்ஸில் எழும் திரிபு 40, 60 ஹேர்ட்ஸில் விழுவதாலும் அங்கே காது கூர்மையானது என்பதாலும், அடிச்சுரத்தை விடத் திரிபே துலக்கமாகக் கேட்கலாம். வீட்டில் பெரும்பாலானோர் சினிமாத் தரச் சத்தத்துக்கு 10, 15 டெசிபல் கீழேதான் கேட்கிறார்கள். அந்தத் தரத்தில் சப்வூஃபர் வழியின் உச்சம் 115 டெசிபல். ஆகவே கதிரையில் 100 முதல் 105 வரை சுத்தமாகத் தரும் பெட்டி உங்களுக்குப் போதும்.

கடைசியாகக் காது. வீட்டிலுள்ள ஒருவரிடம் பெட்டிகளை மாற்றும் வேலையைக் கொடுங்கள், மெல்லிய சாறம் ஒன்றால் பெட்டியை மூடச் சொல்லுங்கள். எது ஓடுகிறது என்று தெரியாமல் 10 தடவை சொல்லுங்கள். 9 தடவை சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மையாகவே கேட்கிறது. 6, 7 தடவை என்றால் குருட்டு அதிர்ஷ்டத்தாலும் அப்படி வரும். அந்த நிலையில் விலை குறைந்ததை, அல்லது உள்ளூரில் திருத்தக்கூடியதை எடுங்கள்.

11. இரைச்சலும் கிறுகிறுப்பும்

ஓயாத 50 ஹேர்ட்ஸ் முனகல் கேட்டால் முதலில் டிஷ் கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றுங்கள். முனகல் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது, அந்தக் கேபிளில் பிரிப்பான் ஒன்றைப் போட வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டியோ, எர்த் வயரைக் கழற்றியோ முனகலை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

ஸ்பீக்கர் வயர் வழியாக இணைக்கும் மாதிரிகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பாலமாக இணைத்த டி வகுப்பு அம்புகளில் கறுப்பு முனை எர்த் அல்ல. சப்வூஃபரின் எர்த் வயரை அங்கே கொழுவினால் அம்ப் எரியலாம். கையேட்டைப் பார்த்து அம்பின் உலோக உடலில் கொழுவுங்கள்.

20 முதல் 80 வரை மெதுவாக ஏறும் சுரத்தைப் போட்டு, வீட்டைச் சுற்றி நடவுங்கள். ஜன்னல் கிறில், இரும்பு அலுமாரிக் கதவு, கண்ணாடி ஷோகேஸ், சீலிங் சட்டம் என்று ஒவ்வொன்றும் தன் மீடிறனில் கிறுகிறுக்கும். எந்த எண்ணில் எது என்று எழுதி, சிறு ரப்பர்த் துண்டோ ஃபெல்ற்றோ ஒட்டுங்கள். இந்தச் சத்தங்களைச் சப்வூஃபரின் திரிபு என்று நினைத்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

12. உப்புக்காற்றும் மழைக்காலமும்

டைக் வீதியிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்த வீடென்றால் கூம்பின் விளிம்பு எதனால் ஆனது என்று வாங்கும்போதே பாருங்கள். ஃபோம் விளிம்பு ஈரத்தில் சில ஆண்டுகளில் பொரிந்துவிடும், ரப்பர் விளிம்பு நிற்கும். பழைய பெட்டி வாங்குவதென்றால் விளிம்பை விரலால் மெல்ல அழுத்துங்கள், தூள் உதிர்ந்தால் விடுங்கள். ஆணிகளில் துரு இருந்தால் உள்ளேயுள்ள அம்ப் தட்டிலும் இருக்கலாம்.

பெட்டியைக் கடற்பக்க ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். பின் தட்டுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இணைப்பு முனைகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி தொடங்கினால் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த ஃபோம் அச்சுகளையும் உத்தரவாத காலம் முடியும்வரை வைத்திருங்கள். அம்ப் பழுதாகிக் கொழும்புக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். தரையில் வைத்தால் மழைக்கால ஈரத்தில் அட்டை ஊறிவிடும், பொலித்தீன் சுற்றி அலுமாரியின் மேல் ஏற்றி வையுங்கள்.